வள்ளி திருமணத்திலிருந்து கோல்ட்ரேன் வரை: ஓர் இசை ரசிகரின் கேள்வி பதில்கள்

மதுரை தல்லாகுளத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் முன்னறையில் மாலை ஆறு மணிக்கு மேல் ஏதாவது ஓர் இசை ஒலித்துக்கொண்டே இருக்கும். வந்து உட்காருகிற உறவினர்களும் நண்பர்களும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்ட கேள்விகளையும், அவர்களுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். அவசரத்தில் அரைகுறையாகச் சொன்னவற்றைச் சற்று விரித்திருக்கிறேன்.

இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?

இரண்டு மாதங்களாக மூன்று வரிசைகள் மாறி மாறி ஓடுகின்றன. முதலாவது நாடகப் பாட்டு: நம் ஊர் வள்ளி திருமணப் பாடல்களும், நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கு எழுதப்பட்ட பாடல்களும். இரண்டாவது செவ்வியல் இசை: மதுரை மணி ஐயரின் கச்சேரிப் பதிவுகளும், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக், செல்லோ என்ற பெரிய தந்தி வாத்தியத்துக்குத் தனியாக எழுதிய இசையும். மூன்றாவது ஜாஸ், அதாவது தெரிந்த பாட்டை அந்தந்த நேரத்துக் கற்பனையில் விரித்து வாசிக்கும் அமெரிக்க இசை: அதில் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் எக்காளக் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் எல்லா இரவுகளையும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஒரு பாட்டை ஒருவரிடம் மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், அதே பாட்டைப் பல பேரிடம் கேட்பதுதான் இப்போதைய என் வழக்கம்.

மூன்றும் மூன்று திசையில் இருக்கின்றனவே, எப்படி ஒன்றாகக் கேட்க முடிகிறது?

இந்தக் கேள்விக்கு என் தாய்மாமனைப் பற்றிச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. அவர் சோழவந்தான் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். பங்குனி, சித்திரை மாதங்களில் கிராமத்துக் கோயில் திருவிழாக்களுக்கு அவருடன் போய், மேடையின் ஓரத்தில் ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகத்தை விடியும்வரை பார்த்திருக்கிறேன். ஸ்பெஷல் நாடகத்தில் நிலையான குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் என்னும் கதாநாயகன் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் என்னும் கதாநாயகி இன்னோர் ஊரிலிருந்தும், கோமாளியான பபூனும் மிருதங்கக்காரரும் வேறு வேறு ஊர்களிலிருந்தும் தனித்தனியாக ஒப்பந்தமாகி வருவார்கள். ஒத்திகை இல்லை, இயக்குநர் இல்லை. சில சமயம் அன்றைக்கு இரவுதான் ஒருவர் முகத்தை ஒருவர் முதன்முதலாகப் பார்ப்பார்கள். ஆனாலும் திரை விலகியதும் நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கி, ஒருவர் எடுத்த பாட்டுக்கு மற்றவர் பதில் பாட்டு எடுத்து, ஆர்மோனியக்காரர் பின்பாட்டுப் பாடி இருவரையும் இணைத்துக்கொண்டு போவார்.

இது எப்படிச் சாத்தியமாகிறது? எல்லாருக்கும் பொதுவான பாடம் ஒன்று இருக்கிறது. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்த நாடகங்களின் பாடல்கள் எல்லாருக்கும் மனப்பாடம். 1918இல் அவர் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பயின்ற பிள்ளைகள் வழியாகவும், அதற்கு வெளியே வாய்வழியாகவும் அந்தப் பாடம் பரவி நின்றது. பாடம் பொதுவாக இருப்பதால், அதை எவ்வளவு நீட்டுவது, எங்கே நிறுத்தி வசனம் பேசுவது, எந்த அடியில் பிருகா என்னும் வேகச் சுழற்சி போடுவது என்பதெல்லாம் அன்றைய இரவுக்கு உரியவை ஆகின்றன.

ஜாஸ் எப்படி நடக்கிறது என்று பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்துகொண்டபோது, எனக்கு அது புதிய செய்தியாகவே இல்லை. முன்பின் பழக்கமில்லாத நான்கு கலைஞர்கள் ஓரிடத்தில் கூடி, எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் பெயரையும் சுருதியையும் மட்டும் சொல்லிக்கொண்டு வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் பொதுப் பாடத்தின் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்றால், பிராட்வே நாடக மேடையிலிருந்துதான் வந்தது. நாடகப் பாட்டு அங்கே ஜாஸுக்குத் தாய்வீடு. ஆகவே எனக்கு இவை மூன்று திசைகள் அல்ல.

நாடகப் பாட்டுக்கும் சினிமாப் பாட்டுக்கும் என்ன வேறுபாடு?

நாடகப் பாட்டு ஒவ்வோர் இரவும் புதிதாகப் பாடப்பட வேண்டியது. சினிமாப் பாட்டு ஒருமுறை பதிவாகி நிலைத்துவிடுவது. ‘காயாத கானகத்தே’ என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேடனாக வரும் முருகன் தினைப்புனத்தில் வள்ளியைப் பார்த்துப் பாடுவது அது. சோழவந்தானை அடுத்த தென்கரையில் பிறந்த டி. ஆர். மகாலிங்கம் 1945இல் வந்த ‘ஸ்ரீ வள்ளி’ படத்தில் பாடியதும் அது தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே வடிவில் தெரிந்த பாட்டாகிவிட்டது. ஆனால் கிராமத்து மேடையில் அதையே கால் மணி நேரம் பாடியவர்களைக் கேட்டிருக்கிறேன். அந்தப் படப்பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை, மகாலிங்கத்தின் குரல் போகும் உயரத்தை இன்றும் வியந்தே கேட்கிறேன்.

பிராட்வேயிலும் பாட்டு கதையோடு இறுகப் பிணைந்தது ஒரு குறிப்பிட்ட காலத்தில்தான். 1927இல் ஜெரோம் கெர்னும் ஆஸ்கர் ஹேமர்ஸ்டைனும் உருவாக்கிய ‘ஷோ போட்’ அதில் ஒரு திருப்பம். 1943இல் ரிச்சர்ட் ராட்ஜர்ஸுடன் சேர்ந்து ஹேமர்ஸ்டைன் எழுதிய ‘ஓக்லஹோமா’ அடுத்தது. ‘ஷோ போட்’டில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் மூட்டை தூக்கும் கறுப்பினத் தொழிலாளி பாடும் ‘ஓல் மேன் ரிவர்’ என்ற பாட்டு உண்டு. அதை 1928இல் லண்டன் மேடையிலும் 1936ஆம் ஆண்டுப் படத்திலும் பாடிய பால் ராப்சன், பிற்காலத்தில் தன் கச்சேரிகளில் சொற்களை மாற்றிப் பாடினார். வாழ்ந்து களைத்துவிட்டேன் என்று பொருள்படும் வரியைச் சாகும்வரை போராடுவேன் என்று ஆக்கினார். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸ் நினைவுக்கு வருகிறார். முருகன் வேடத்தில் நின்று, மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய ‘கொக்குப் பறக்குதடி’ பாட்டைப் பாடி, வெள்ளைக் கொக்கு என்பது யாரைக் குறிக்கிறது என்று கூட்டம் முழுவதற்கும் புரியவைத்தவர் அவர். அதற்காகச் சிறை சென்றவர். 1940ஆம் ஆண்டின் கடைசி நாளில், சென்னையில், மயில் மேல் முருகனாக வீற்றிருந்து பாடிக்கொண்டிருந்தபோதே மேடையில் உயிர் நீத்தார். நாடகப் பாட்டை வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. காரணம் இந்த இருவரும்தான்.

கோல்ட்ரேனின் ஒரே பாட்டை இத்தனை முறை போடுகிறீர்களே, அதில் என்ன இருக்கிறது?

‘மை ஃபேவரிட் திங்ஸ்’ என்ற அந்தப் பாட்டு, ராட்ஜர்ஸும் ஹேமர்ஸ்டைனும் 1959இல் மேடையேற்றிய ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகத்துக்கு எழுதியது. 1965ஆம் ஆண்டுப் படத்தில் இடி மின்னலுக்குப் பயந்து ஓடிவந்த குழந்தைகளைத் தேற்றுவதற்காக அது பாடப்படுகிறது. மூல நாடகத்திலோ மரியாவும் மடத்துத் தலைவியும் சேர்ந்து பாடுவார்கள். மூன்று எண்ணிக்கையில் ஆடிவரும் எளிய பாட்டு. அதைக் கோல்ட்ரேன் 1960 அக்டோபரில், நாடகம் இன்னும் பிராட்வேயில் நடந்துகொண்டிருந்தபோதே, தன் நால்வர் குழுவுடன் பதிவுசெய்தார். பாட்டை எழுதிய ஹேமர்ஸ்டைன் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் காலமாகியிருந்தார். மூன்று நிமிடத்துக்கும் குறைவான பாட்டு கோல்ட்ரேனிடம் பதின்மூன்றரை நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது.

நீள்வது பெரிதல்ல, எப்படி நீள்கிறது என்பதுதான் நம் காதுக்கு விருந்து. பாட்டின் முதற்பகுதியை மட்டும் பல்லவியைப்போலப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அங்கேயே வந்து சேர்கிறார். இரண்டு எடுப்புகளுக்கு இடையே மெக்காய் டைனரின் பியானோ ஒரே வட்டத்தில் சுழன்றுகொண்டிருக்க, அதன்மேல் கற்பனை விரிகிறது. ஆதார ஸ்வரமான சட்ஜம் அசைவதில்லை. சாதாரண காந்தாரம் ஒலித்த இடத்தில் சில நேரம் அதைவிட அரைப்படி உயர்ந்த அந்தர காந்தாரம் வந்து, அறைக்குள் விளக்கேற்றியதுபோல் முகம் மாறிவிடுகிறது. நாயும் தேனீயும் கடிப்பதைச் சொல்லும் அந்தப் பிற்பகுதியை, சரணத்தைக் காத்து வைத்திருப்பதைப்போலக் கடைசியில்தான் எடுக்கிறார். எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ், தவில் தனியாக வாசிக்கும்போது இருப்பதுபோல், தாளத்தைச் சொல்லிக்கொண்டும் உடைத்துக்கொண்டும் கூடவே வருகிறது.

அவர் இதில் வாசிப்பது சோப்ரானோ சாக்ஸஃபோன். நேராக நீண்ட குழல், உயர்ந்த சுருதி, உள்ளே சற்றுக் கரகரப்பு. முதன்முதலில் கேட்ட என் அக்கா மகள், “மாமா, இது நாகஸ்வரமா?” என்று கேட்டாள். தவறில்லை. இந்திய இசையைக் கோல்ட்ரேன் ஆழ்ந்து கேட்டவர். 1961இல் ‘இந்தியா’ என்றே ஓர் உருப்படியை வாசித்தார். மகனுக்கு ரவி சங்கரின் நினைவாக ரவி என்று பெயர் வைத்தார்.

கர்நாடக இசை பழகிய காதுக்கு ஜாஸில் எது இடறும்?

சட்ஜம் நகர்வதுதான். நமக்குத் தம்புரா ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். கச்சேரி முடியும்வரை சட்ஜம் ஓரிடத்தில் நிற்க வேண்டும். பெரும்பாலான ஜாஸ் உருப்படிகளில் அடித்தளம் இரண்டு மூன்று வினாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். ஆகையால் அடித்தளம் அதிகம் நகராத உருப்படிகளில் தொடங்கும்படி சொல்வேன். மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு இசைத்தட்டான ‘கைண்ட் ஆஃப் புளூ’வில் முதலாவதாக வரும் ‘சோ வாட்’ அதற்கு மிகப் பொருத்தம். அதில் அவர்கள் கையாளும் ஸ்வர வரிசையை மேற்கத்திய இசையில் டோரியன் என்பார்கள். ஸ்வரங்களை எடுத்துப் பார்த்தால் நம் கரஹரப்ரியாதான். ஸ்வரத்தை அசைக்கும் கமகம் இல்லை, ராகத்துக்கே உரிய சஞ்சாரங்கள் இல்லை. ஆகவே அது கரஹரப்ரியா ராகம் ஆகிவிடாது, ஆனால் கால் ஊன்ற இடம் கிடைத்துவிடும். முப்பத்திரண்டு அளவைகள் (நான்கு நான்கு எண்ணிக்கை கொண்ட கட்டங்கள்) கொண்ட அதன் வட்டத்தில், பதினாறு முடிந்ததும் மொத்த வரிசையும் அரை ஸ்வரம் மேலே ஏறி, எட்டு அளவைகள் அங்கேயே தங்கி, பிறகு பழைய இடத்துக்கு இறங்கும். அந்த ஏற்றத்தை அடையாளம் கண்டுகொள்கிற நாளில் ஜாஸ் உங்களுக்குத் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது பிடிபட மூன்று வாரங்கள் ஆயின.

ஆங்கிலம் அவ்வளவாக வராது. பிராட்வே பாட்டைக் கேட்கலாமா?

தியாகராஜரைக் கேட்கிற நம்மில் எத்தனை பேருக்குத் தெலுங்கு தெரியும்? கேட்கலாம். ஆனால் நாடகப் பாட்டில் யார், யாரிடம், எந்த நிலையில் பாடுகிறார் என்பதை மட்டும் முன்னதாகத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

மேற்கத்தியச் செவ்வியல் இசையை எங்கே தொடங்குவது? பெரிய வாத்தியக் குழு என்றால் ஒரே இரைச்சலாக இருக்கிறது.

ஒற்றை வாத்தியத்தில் தொடங்குங்கள். பாக் எழுதிய ஆறு தனிச் செல்லோ தொகுப்புகள் நமக்கென்றே எழுதப்பட்டவைபோல இருக்கின்றன, ஏனென்றால் ஒரே ஒரு இழைதான் பாடிக்கொண்டு போகிறது. அந்த ஒற்றை இழை ஒரு தாழ்ந்த ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு மேலே ஏறும்போது, விட்டுவந்த ஸ்வரம் நம் மனத்தில் தம்புராவைப்போல ஒலித்துக்கொண்டே இருக்கும்படி பாக் செய்திருக்கிறார். ஸ்பெயின் நாட்டின் பாப்லோ கசால்ஸ் 1890இல், பதின்மூன்று வயதுப் பையனாக, பார்சிலோனாவின் ஒரு கடையில் இவற்றின் பழைய பிரதியைக் கண்டெடுத்து, பல ஆண்டுகள் சாதகம் செய்து, 1936 முதல் 1939 வரை ஆறையும் இசைத்தட்டில் பதிந்தார். பதிவில் இரைச்சல் உண்டு. ஆனாலும் நான் அதைத்தான் போடுகிறேன்.

அடுத்த படியாகக் கிளென் கூல்ட் பியானோவில் வாசித்த, பாக்கின் ‘கோல்ட்பர்க்’ மாற்றுருக்கள். ஒரு மெட்டும் அதன் அடிப்படையில் முப்பது மாற்றுருக்களும் கொண்டது. கூல்ட் இதை 1955இல் ஒருமுறையும் 1981இல் ஒருமுறையும் பதிவுசெய்தார். முதலாவது பாய்கிற ஆறு, இரண்டாவது நின்று நிதானித்துப் பேசுகிற மனிதர். ஒருவரே தான் வாசித்ததை இருபத்தாறு ஆண்டுகள் கழித்து எப்படி மறுபடி யோசித்தார் என்று இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பை இவற்றுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாக்கைத் தன் வீட்டில் சந்தித்துப் பேசியதாகப் பெயரிட்ட உருப்படி ஒன்று இருக்கிறது. பாக்கைக் கேட்டுவிட்டு அதற்கு வந்தால், எந்த இடத்தில் யார் பேசுகிறார்கள் என்பது காதில் துல்லியமாக விழும்.

கர்நாடக இசையில் மதுரைக்காரர்களை மட்டும்தான் கேட்பீர்களா?

அப்படி ஒரு விரதம் இல்லை. ஆனால் இந்த ஊரோடு சேர்ந்தவர்களைக் கேட்டு முடிக்கவே ஓர் ஆயுள் வேண்டியிருக்கிறது. 1926இல், பத்து வயதில், அம்மா சண்முகவடிவு வீணை வாசிக்க எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய ‘மரகத வடிவும்’ இசைத்தட்டு, முதிர்ந்த எம். எஸ்ஸை மட்டுமே அறிந்தவர்களை நிமிர்ந்து உட்காரவைக்கும். மதுரை சோமு ‘என்ன கவி பாடினாலும்’ என்று நீலமணியில் உருகுவதைத் தனியாக இருக்கும்போதுதான் போடுவேன். மீனாட்சியம்மன் மேல் சியாமா சாஸ்திரிகள் இயற்றிய நவரத்தினமாலிகைக் கீர்த்தனைகளில் ஆஹிரி ராகத்து ‘மாயம்மா’ எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஒலிக்கும்.

இவர்களில் ஜாஸ் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் மதுரை மணி ஐயர் (1912–1968). அவருடைய கற்பனை ஸ்வரங்களில் கணக்கு வெளியே தெரியாது. சர்வலகுவாக, அதாவது இயல்பான ஓட்டமாக, நடை தளராமல், அலைமேல் அலையாக வந்துகொண்டே இருக்கும். ஜாஸ் கலைஞர்கள் ‘ஸ்விங்’ என்று சொல்வது எதை என்று எனக்கு விளங்காதிருந்த காலத்தில், அதை விளக்கியவை மணி ஐயரின் ஸ்வரங்கள்தான். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் ‘இங்கிலீஷ் நோட்’டை மேடைதோறும் பாடி மக்களுக்குப் பழக்கியவரும் அவரே. மேற்கத்திய பாண்டு வாத்தியத்தின் துள்ளலைச் சங்கராபரணத்தில் வைத்து, நம் குரலில் பாடுவது அது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் வெள்ளைக்காரருக்காக நாகஸ்வரத்தில் மேல்நாட்டு மெட்டு வாசிக்கும் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்தப் படத்தில் நாகஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். மேற்கத்திய இசையைக் கேட்டு நமதாக்கிக்கொள்வது மதுரைக்குப் புதிதல்ல.

தாளத்தைப் பின்தொடரக் கையில் எண்ணிக்கை போடலாமா?

கட்டாயம் போடுங்கள். டேவ் புரூபெக் நால்வர் குழுவின் ‘டேக் ஃபைவ்’ (1959) ஐந்து எண்ணிக்கையில் போகிறது. நம் கண்ட சாபு ‘தக தகிட’ என்று இரண்டும் மூன்றுமாகப் பிரியும். அது ‘தகிட தக’ என்று மூன்றும் இரண்டுமாகப் பிரிகிறது. மிருதங்கம் கற்கும் பிள்ளைகள் இதை ஒரே நிமிடத்தில் பிடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அடுத்ததாக, ஜான் மெக்லாக்லினின் கிதாருடன் விக்கு விநாயக்ராமின் கடம் பேசும் ‘சக்தி’ குழுவின் 1976ஆம் ஆண்டு இசைத்தட்டைப் போட்டுக் காட்டுவேன். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் மானாமதுரையில் கடம் தட்டித் தட்டிச் சுடப்படுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு, அந்த மண்பானை கிதாருக்குச் சமமாக நின்று பேசுவது மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

எந்தக் கருவியில் கேட்கிறீர்கள்?

கைப்பேசியும், அதனுடன் கம்பியால் இணைத்த ஒரு சுமாரான பெருக்கியும், இரண்டு ஒலிபெருக்கிகளும். பழைய இசைத்தட்டுகளைப் பொறுத்தவரை ஒரே ஓர் எச்சரிக்கை உண்டு. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற தட்டுகளைப் பிற்காலத்தில் மாற்றிப் பதிந்தவர்கள் சில சமயம் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். அப்போது பாடகரின் கட்டையும் (சுருதி) சேர்ந்து ஏறிவிடும். நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் இயல்பிலேயே மிக உயர்ந்தது. வேகம் கூடிய பதிவில் அது மனிதக் குரலாகவே இராது. ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளை ஆர்மோனியத்தில் ஒத்துப் பார்த்துத்தான் நான் எதை வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்கிறேன்.

மதுரையில் நேரில் எங்கே கேட்கலாம்?

கர்நாடக இசைக்கு, எங்கள் பகுதியிலேயே லட்சுமி சுந்தரம் அரங்கில் சத்குரு சங்கீத சமாஜத்தின் கச்சேரிகள் நடக்கின்றன. தமிழிசைச் சங்கத்தின் விழாவுக்கு ராஜா முத்தையா மன்றம். திருவிழா நாட்களில் கோயில் ஆடி வீதி. ஸ்பெஷல் நாடகத்துக்குப் பங்குனிப் பொங்கல் நோட்டீசுகளைப் பார்த்து, ஆர்மோனியம் யார் என்று விசாரித்துக்கொண்டு கிராமத்துக்குப் போங்கள். ராஜபார்ட் பெயரைவிட அந்தப் பெயர்தான் முக்கியம். ஜாஸை இந்த ஊரில் நேரில் கேட்கும் வாய்ப்பு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

ஒரே ஒரு பாட்டில் தொடங்க வேண்டுமானால் எதைச் சொல்வீர்கள்?

‘சம்மர்டைம்’. ஜார்ஜ் கெர்ஷ்வினின் ‘போர்கி அண்ட் பெஸ்’ 1935இல் நியூயார்க்கில் அரங்கேறியபோது, தொடக்கத்திலேயே ஒரு தாய் குழந்தையை மடியில் வைத்துப் பாடும் தாலாட்டு அது. நாடகப் பாட்டு, செவ்வியல் இசை, ஜாஸ் மூன்றும் அந்த ஒரு பாட்டில் வந்து சேர்கின்றன. முதலில் நாடகத்தில் இருப்பதுபோல் வாத்தியக் குழுவுடன் ஒரு பெண் பாடுவதைக் கேளுங்கள். அடுத்து சிட்னி பெஷே 1939இல் சோப்ரானோ சாக்ஸஃபோனில் வாசித்தது. பிறகு எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் 1957இல் பதிந்தது; ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரல் வரும்போது, தாய் பாடி முடித்த தாலாட்டைத் தாத்தா வாங்கிக்கொண்டு தொடர்வதுபோல் இருக்கும். கடைசியாக 1958இல் மைல்ஸ் டேவிஸ் கில் எவன்ஸின் வாத்தியக் குழுவுடன், அடக்கிய எக்காளத்தில் சொற்களே இல்லாமல் வாசித்தது. நான்கையும் ஒரே இரவில் கேட்காமல், ஒரு நாளைக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள், நீலாம்பரியில் நன்றாகப் பாடப்பட்ட ஏதாவது ஒரு தாலாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஆறு மணிக்கு மேல் கதவு திறந்தே இருக்கும்.